காளியம்மாளுக்கு இரவல் கண்

மட்டாஞ்சேரி
21 அக்டோபர் 2024

ராசப்பா,

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்து ஏழு வருடம் ஆகிறது. எடுக்கிற உத்தேசம் இல்லை. அதனால்தான் தபால்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் ஆசிரியர்கள் அறைக்கு வந்து மேசைக்கு ஒரு மடிப்புத்தாளாக வைத்துக்கொண்டு போனார். என் மேசையில் மட்டும் நின்று தாளில் இருந்த உன் பெயரைக் காட்டினார். "விஸ்வநாத் சாரே, டிராயிங் சாரல்லே, இயாளெ அறியுமோ? நம்முடெ மட்டாஞ்சேரிக்காரனா" என்றார். "கேட்டிட்டுண்டு" என்றேன், ஏதோ பெயரளவில் கேள்விப்பட்டவன்போல. ஒன்பதாம் வகுப்புக்கு மணி அடித்தது. போய்ப் பானை வரையச் சொல்லிக்கொடுத்தேன்.

பஜார் ரோட்டுப் பழைய சுக்குக் கிடங்கை மியூசியமாக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். டிசம்பர் பதினைந்திலிருந்து அங்கே உன் கண்காட்சி என்று மடிப்புத்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 'ராசப்பன்: முகங்களும் முன்னோர்களும்.' ஒரு கூடத்தில் நீ வரைந்த நாற்பது முகங்கள். இன்னொரு கூடத்தில் உன்னைப் பாதித்தவை. டச்சுக்கார ஓவியர்கள் மூன்று பேர். எகிப்தில் பிணத்தோடு புதைத்த முகப்படங்கள். நம் அரண்மனைச் சுவர் ஓவியங்கள். சினிமா பேனர். உன் அம்மாவின் கார்ப்பரேஷன் அடையாள அட்டை. மொத்தம் பதினொன்று. இரண்டு தடவை எண்ணினேன்.

எகிப்துக்குப் போக உனக்கு வழி தெரிந்திருக்கிறது. பாலஸ் ரோட்டில் என் கடை லோகா ஆர்ட்ஸ் எங்கே என்று மறந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் உன் பேட்டி. "முகத்தை முழுவதும் முடித்துவிட்டுக் கண்ணைக் கடைசியில் வரைவேன். இறந்தவர்களை வரையும்போது அவர்களுடைய இரத்த உறவில் ஒருவரை எதிரே உட்காரவைத்து, அவருடைய கண்ணை இறந்தவருக்கு இரவல் வாங்குவேன்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. யாருடைய முறை இது?

நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். 1994. செர்லாயிலிருந்து ஒரு கொங்கணி பேங்க் குமாஸ்தா, இறந்துபோன மனைவியின் தபால்தலை அளவு போட்டோவைக் கொண்டுவந்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் புள்ளி. மூன்று நாள் போராடிவிட்டு நான்தான் சொன்னேன், "மகளைக் கூட்டிண்டு வாங்கோ." அந்தப் பெண்ணை ஸ்டூலில் உட்காரவைத்துக் கண்ணை மட்டும் எடுத்தேன். மனிதர் படத்தைப் பார்த்துக் குடையைக் கீழே போட்டார். அன்றைக்கு நீ கடைக்கு வந்து நாலு மாதம். ரேஷன் கடைப் போர்டுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தாய். பிரஷைக் கையில் பிடித்தபடி என் பின்னால் வந்து நின்று பார்த்தாய். எனக்கு நினைவிருக்கிறது.

பதினொன்றில் எனக்கு இடமில்லை. இருக்கட்டும். தெரிந்துதான் விட்டாய் என்று எனக்குத் தெரியும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

விஸ்வநாத்


வதோதரா
29 அக்டோபர் 2024

விச்சேட்டா,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆரோ மரித்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

என் தமிழ் எழுத்து உங்களுக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதினால் எனக்கு எளிது. ஆனால் தமிழில் எழுது என்று நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள்.

மடிப்புத்தாளில் உள்ள பட்டியல் மியூசியத்தில் தன்யா போட்டது. கண்காட்சியை ஒழுங்கு செய்கிற பெண் அவள். பதினொன்று அவள் கணக்கு. நான் அவளிடம் வேறொன்று சொன்னேன். உள்ளே நுழைந்ததும் முதல் சுவரைச் சும்மா விடு, அங்கே ஒரே ஒரு படம்தான். அது கிடைத்த பிறகு அச்சடிக்கலாம் என்றாள். அது கிடைக்கவில்லை. ஏனென்றால் அது உங்களிடம் இருக்கிறது.

அம்மா படம். 1996-ல் நீங்கள் வரைந்தது.

மியூசியத்திலிருந்து இரண்டு கடிதம் உங்களுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. பதில் இல்லை என்று தன்யா சொன்னாள். என் பெயரைப் பார்த்துப் பிரிக்காமல் போட்டிருப்பீர்கள் என்று நான் சொன்னேன். சரியா?

டச்சுக்காரர்களை நான் முப்பது வயதில் பார்த்தேன். எகிப்து நாற்பதில். அதற்கு முன்னால் நான் பார்த்த முகம் ஒன்றுதான். முதல் சுவரில் அந்தப் படம், கீழே உங்கள் பெயர். வேறு எதுவும் கிடையாது. தருவீர்களா?

ராசப்பன்


மட்டாஞ்சேரி
5 நவம்பர் 2024

ராசப்பா,

பிரிக்கவில்லைதான். மியூசியத்தின் உறைகள் இரண்டும் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் இருந்தன. திறப்புவிழா அழைப்பாக இருக்கும், பின்வரிசையில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

சில விஷயங்கள் தெளிவாக வேண்டும். முதல் சுவர் என்றால் வாசலுக்கு நேரே இருப்பதா, டிக்கெட் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதா? மேலிருந்து விளக்கா, பக்கத்திலிருந்தா? எண்ணெய்ப் படத்துக்குப் பக்கத்து விளக்கு வைத்தால் வார்னிஷ் பளபளக்கும், முகம் தெரியாது. என் பெயருக்குக் கீழே என்ன போடுவார்கள்? 'நண்பர்' என்றால் வேண்டாம். 'உடன் பணிபுரிந்தவர்' என்றால் நிச்சயம் வேண்டாம். என் கடை அது. நீ என்னிடம் வேலைக்கு வந்தவன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் உன் பேட்டிகள் எத்தனை வந்திருக்கும்? எல்லாவற்றையும் படித்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே. அப்பா கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி என்று சொல்கிறாய். அம்மா பாலஸ் ரோட்டைப் பெருக்கினாள் என்று சொல்கிறாய். அங்கிருந்து நேரே வதோதராவுக்குத் தாவிவிடுகிறாய். நடுவில் நாலு வருடம் என் கடையில் இருந்தாயே, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏன்?

வதோதராவில் படிக்கக் கொடுத்த அந்த உதவித்தொகைக்கு நாம் இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். திருப்பூணித்துறையில் ஐந்து வருடம் முறையாக ஓவியம் படித்தவன் நான். நீ அனுப்பிய பத்துப் படமும் என் கடையில், என் பெயிண்டில், என் ஸ்டூலில் உட்கார்ந்து போட்டவை. கடிதம் உனக்கு வந்தது. அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

படம் இருக்கிறது. பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறேன். நாலைந்து மழைக்காலத்து ஈரம் ஏறியிருக்கும். எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். நாள் ஆகும்.

உன் அப்பா பாலையா அதைப் பார்த்த அன்று சொன்னது நினைவிருக்கிறதா? குவார்ட்டர்ஸ் சுவரில் மாட்ட ஆணி வரைக்கும் அடித்துவிட்டு, மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "சாமி, இது இங்கயே இருக்கட்டும். பொண்டாட்டி மூஞ்சிக்குள்ள உக்காந்துக்கிட்டு மவன் மொறைக்கிறான். மனுசன் எப்படி ஒரு கிளாஸ் போடறது?" அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு.

விஸ்வநாத்


வதோதரா
12 நவம்பர் 2024

விச்சேட்டா,

இருக்கிறது என்று எழுதினீர்களே, அது போதும். வாசலுக்கு நேரே உள்ள சுவர். மேல் விளக்கு. பெயருக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், 'ஓவியர்' என்று மட்டும் போடச் சொல்கிறேன். டிசம்பர் இரண்டாம் தேதி மியூசியம் வண்டி உங்கள் கடைக்கு வரும். ஈரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கறை இருந்தால் கறையோடு மாட்டுவோம். நீங்கள் ஒன்றும் தொடாதீர்கள்.

நான் அந்தப் படத்தைக் கடைசியாகப் பார்த்தது ரயில் ஏறின அன்று, கடைச் சுவரில். போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அன்றைக்குக் கையில் காமிரா எங்கே?

நீங்கள் அம்மாவுக்குக் கண் வைத்த நாளை நான் தினமும் நினைக்கிறேன். செத்துப் பதினேழாம் நாள். நான்தான் வரைய உட்கார்ந்தேன். முகம் வந்தது, கண் வரவில்லை. நீங்கள் பிரஷை வாங்கிக்கொண்டு, "நீ போய் அந்த ஸ்டூல்ல உக்காரு, உன் கண்ணைக் குடு" என்றீர்கள். இரண்டே முக்கால் மணி நேரம். நடுவில் எனக்குக் கண் நிறைந்தது. "அழாதேடா, இமை வரம்பு வீங்கிப்போயிடும், எனக்கு வேலை கெட்டுப்போயிடும்" என்று திட்டினீர்கள். நான் அழவில்லை. அப்படி ஒருவன் என்னைப் பார்த்தது அதுதான் முதல்தடவை. அதுவரைக்கும் பாலஸ் ரோட்டில் யாரும் எங்களை இரண்டு விநாடிக்கு மேல் பார்த்ததில்லை.

பிறகு முழுவதையும் நீங்களே திரும்பப் போட்டு முடித்தீர்கள். அதனால் அது உங்கள் படம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் எழுந்தபோது ஸ்டூல் கால் இடறிப் பச்சைப் பெயிண்ட் ஒரு துளி அம்மாவின் வலது தோளில், நீலச் சேலையில் விழுந்தது. துடைக்க வேண்டாம், கிடக்கட்டும் என்றீர்கள். அந்தத் துளி இன்னும் இருக்கிறதா?

பேட்டியில் ஏன் கடையைப் பற்றிச் சொல்வதில்லை என்று கேட்டீர்கள். அதை நேரில் சொல்கிறேன். கடிதத்தில் வேண்டாம்.

ராசப்பன்


மட்டாஞ்சேரி
2 டிசம்பர் 2024

ராசப்பா,

படத்தை உங்கள் வண்டியில் கொடுத்துவிட்டேன். மூன்று ஆட்கள், வெள்ளைக் கையுறை. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபது வருடத்தில் முதல்தடவையாக இன்றைக்குத்தான் என் கடையில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார்கள்.

ஈரம் அதிகம் ஏறியிருந்தது. சில இடங்களை நான் தொட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தொடாதே என்று நீ எழுதியது அதற்குப் பிறகுதான் கிடைத்தது. தோளில் பச்சைத் துளி இருக்கிறது.

என் முதலெழுத்தை விட்டுவிடாமல் போடச் சொல். க. விஸ்வநாத்.

விஸ்வநாத்


போர்ட் கொச்சி
10 டிசம்பர் 2024

விஸ்வநாத்,

இரண்டு கிலோமீட்டரில் ஒரு ஹோட்டலில் இருந்து எழுதுகிறேன். நேற்று இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நீ திறக்கவில்லை. இதைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறேன்.

பெட்டியைத் திறந்ததுமே தன்யா மூக்கைச் சுளித்தாள். "ராசப்பன் சார், இது ஃப்ரெஷ் ஆணல்லோ" என்றாள். எண்ணெய் வாசனை கூடம் முழுவதும். நான் அவளை வெளியே அனுப்பிவிட்டு, தோளில் பச்சைத் துளியைத் தொட்டேன். விரலில் ஒட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருடத்துத் துளி.

வாசனை இல்லாமல் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். முகம் மடிப்புத்தாளில் அச்சடித்திருக்கும் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துப் போட்டது. அதில் உள்ள அச்சுக் கோடுகூட நெற்றியில் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கண் என்னுடையது இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை.

அது யாருடையது என்று எனக்குத் தெரியும். 1998 ஜூனில் போஸ்ட்மேன் கடைக்கு வந்து உதவித்தொகைக் கடிதத்தை என் கையில் கொடுத்தான். உனக்கு வேறு கடிதம் ஒன்றும் இல்லை என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். நீ "கொள்ளாம்டா, கொள்ளாம்" என்று பாராட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாய். அந்தக் கண்.

அதை என் அம்மா முகத்தில் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

பழைய படம் எங்கே? ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

ராசப்பன்


மட்டாஞ்சேரி
11 டிசம்பர் 2024

ராசப்பா,

பழைய படம் இல்லை.

நீ ரயில் ஏறினது ஒரு திங்கள்கிழமை. ஹார்பர் ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அன்று மத்தியானம் பஜார் ரோட்டு மிளகு மண்டிக்காரர் வந்தார். அவருடைய அப்பாவின் முதல் திதி வெள்ளிக்கிழமை, அதற்குள் படம் வேண்டும் என்றார். கேன்வாஸ் கைவசம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவைச் சுவரிலிருந்து இறக்கினேன். முகத்தின் மேல் வெள்ளை அடித்தேன். ஒரு கோட்டுப் பூச்சில் மறையவில்லை. கண் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்று கோட்டு அடித்தேன். அதன்மேல் மிளகு மண்டிப் பெரியவரை வரைந்தேன். மகன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கண் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் மாட்டினார்கள்.

பரணில் அப்போது இரண்டு புதுக் கேன்வாஸ் இருந்தது. எனக்குத் தெரியும். அந்த இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. என்னால் அவற்றை எடுக்க முடியவில்லை.

மண்டி ஆபீசுக்கு எதிரில் ஒரு சாயாக்கடை இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பெரியவர் தெரிவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அங்கே உட்காருகிறேன். உன் பெயர் பேப்பரில் வரும் ஒவ்வொரு தடவையும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஜெயித்தவன் அவன், ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு திருப்தி இருந்தது. பொய் சொல்வானேன்.

இத்தனை வருடமும் நான் அழித்தது உன் படம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் சுவர், கீழே என் பெயர் என்று நீ எழுதிய அன்றுதான் அது என் படம் என்று உறைத்தது. நான் வாழ்நாளில் வரைந்த ஒரே நல்ல படம். எனக்காக ஒரு சுவர் காத்திருக்கிறது. மாட்ட ஒன்றும் இல்லை.

அதனால் திரும்ப வரைந்தேன். முகம் எட்டு நாளில் வந்துவிட்டது. கண்ணுக்கு ஆள் வேண்டும். உன் தங்கை சுனிதா கும்பளங்கியில்தான் இருக்கிறாள். தோப்பும்படி போய் ஒரு பஸ் பிடித்தால் போதும். உட்காரம்மா என்றால் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவளிடம் சொன்னால் உனக்குத் தெரிந்துபோகும். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். இரத்த உறவு இல்லாதவன் கண்ணை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் கண்ணாகத்தான் இருந்தது.

என் பெயரை எடுத்துவிடு. படத்தை என்ன வேண்டுமானாலும் செய்.

விஸ்வநாத்


போர்ட் கொச்சி
13 டிசம்பர் 2024

விஸ்வநாத்,

மூன்று கோட்டு வெள்ளை. படித்துவிட்டு நான் ஹோட்டலில் இருந்து இறங்கி மீன்வலைப் பக்கம் நடந்தேன். உன் கடைக்கு வந்து உன்னை அடிப்பது என்று தீர்மானித்து, பாலஸ் ரோடு வரைக்கும் வந்துவிட்டேன். அப்புறம் பஜார் ரோட்டுக்குத் திரும்பினேன்.

மண்டியில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சந்தனமாலை போட்டிருந்தார்கள். மகன், அவருக்கே இப்போது அறுபது இருக்கும், "சித்திரகாரனல்லே, டிவியில் கண்டிட்டுண்டு" என்று சொல்லி நாற்காலி போட்டார். தினமும் காலையில் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தராசைத் தொடுவாராம். நான் என்ன சொல்ல? உங்கள் அப்பாவைச் சுரண்டிக் கொடுங்கள், அடியில் என் அம்மா இருக்கிறாள் என்றா? எழுந்து வந்துவிட்டேன். அது இனிமேல் அவர்களுடைய அப்பா.

பேட்டியில் உன் கடையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். உன் கடை அலமாரியில் கண்ணாடி கிளாஸ் நாலு இருந்தது. எனக்கு மட்டும் ஜன்னல் கம்பியில் கவிழ்த்து வைத்த ஸ்டீல் டம்ளர். உன் அம்மா வைத்த ஏற்பாடு. நாலு வருடத்தில் நீ அதை மாற்றவில்லை. என் அம்மா வாசலில் நின்று சாயா கேட்டால், "உள்ளே வந்துடாதே, அங்கேயே நில்லு" என்பாய். கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதையும் பேச வேண்டும். அதைப் பேசினால் நீ ஊருக்கு முன்னால் கூனிப்போவாய். அதனால் எதையுமே பேசவில்லை. உன்னை மறைத்தது உனக்காக.

படத்தை மாட்டப் போகிறேன். முதல் சுவரில். தன்யா வேண்டாம் என்கிறாள். நான் அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வதோதராவுக்குப் போன நாள் முதல் எந்த முகம் வரைந்தாலும் இந்தக் கண் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இது சரியில்லை, மூக்கு தூக்கியிருக்கு, இதுக்கா உனக்குக் கொடுத்தாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் நாற்பது முகம். டச்சுக்காரன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெயரட்டை இப்படி இருக்கும்: 'காளியம்மாள். ஓவியர் க. விஸ்வநாத், மட்டாஞ்சேரி, 2024. கண்கள் ஓவியருடையவை.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. நீ வராவிட்டாலும் சரி.

ராசப்பன்


மட்டாஞ்சேரி
18 டிசம்பர் 2024

ராசப்பா,

திறப்புவிழாவுக்கு வரவில்லை. நேற்று, செவ்வாய்க்கிழமை, லீவு போட்டுவிட்டு வந்தேன். நீ வதோதராவுக்குக் கிளம்பிவிட்டாய் என்று வாசலில் சொன்னார்கள். தெரிந்துதான் வந்தேன்.

நேராக உன் நாற்பது முகத்துக்குப் போனேன். ஒவ்வொன்றிலும் தப்புத் தேடினேன். ஏழாவதில் காது கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இருபத்தைந்தாவதில் கழுத்து கட்டை. அவ்வளவுதான் கிடைத்தது. முப்பத்தொன்றாவதில், அந்த மீன்காரக் கிழவர், அவருக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் அப்படி வரைய முடியாது. முன்பும் முடியாது. எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

திரும்பி முதல் சுவருக்கு வந்தேன். விளக்கு சரியாக இருக்கிறது. காவலுக்கு நிற்கிறவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சேட்டன்டெ அம்மயாணோ?" என்று கேட்டார். "அல்ல" என்றேன். "அதே நோட்டம்" என்று சிரித்தார். படத்துக்கு எதிரே கதவு, அதன் வழியாக உன் கூடம் முழுவதும் தெரிகிறது. உன் நாற்பது பேரையும் நான் அங்கே ஆணியில் தொங்கி முறைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ச் மாதம் வரைக்கும்.

அப்போது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "விச்சேட்டன்தானே? மெலிஞ்சு போயிட்டீங்களே" என்றாள். சுனிதா. அன்றைக்கு வரப்போவதை உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. "அண்ணன் வாவான்னு கூப்பிட்டுது. கூட்டத்துல எதுக்குன்னு இன்னிக்கு வந்தேன்" என்றாள். படத்தைக் காட்டி, "அம்மா இப்படிப் பாக்காது விச்சேட்டா" என்றாள். "பின்னே எப்படிப் பார்ப்பா?" "வெயில்லயே நின்னு நின்னு அம்மாவுக்குக் கண்ணு எப்பவும் சுருங்கித்தான் இருக்கும். பாத்தா சிரிக்கிற மாதிரி இருக்கும். சிரிக்காது." சொல்லும்போது அவள் கண் சுருங்கியது.

எட்டு வருடம் அந்த அம்மாள் என் கடை வாசலில் பெருக்கினாள். எனக்கு இது தெரியாது. 1996 படத்தில்கூட இது இல்லை. அதில் இருந்தது அழுகையை அடக்கிக்கொண்டிருந்த உன் கண். நான் வரைந்த ஒரே நல்ல படமும் தப்புத்தான்.

அங்கேயே நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை அடித்ததை, மூன்று கோட்டு பூசியதை, பரணில் இருந்த இரண்டு கேன்வாஸை. காவல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் முன்னால் நடந்தாள். பஸ் வந்தது. ஏறவில்லை. "ஞாயித்துக்கிழமை கட தொறப்பீங்களா?" என்று கேட்டாள். "நான் வந்து உக்காரறேன். எனக்குச் சாயா வேணும், உள்ள உக்காந்து. நீங்க குடிக்கிற கிளாஸ்ல." அடுத்த பஸ்ஸில் ஏறிப்போனாள்.

ஸ்டீல் டம்ளர் இன்னும் ஜன்னலில்தான் இருந்தது. நான் கவனித்ததே இல்லை. இல்லை, கவனித்திருக்கிறேன். எடுத்துவிட்டேன்.

உன் கடைசிக் கடிதம் இரண்டிலும் என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறாய். அப்படியே எழுது.

பெயரட்டையில் எழுத்து சிறியது. நாலடி தள்ளி நின்றால் என் பெயர் தெரியவில்லை. உன் பெயர் தெருவிலிருந்தே தெரிகிறது. தன்யாவிடம் சொல். 'கண்கள் ஓவியருடையவை' என்ற வரி இருக்கட்டும். ஆனால் சுனிதாவை வைத்து வரைந்தது முடிந்ததும் அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு இதை நான் எடுத்துக்கொண்டு போவேன். என் முகத்தில் இருக்க வேண்டியது என்னிடம் இருக்கட்டும்.

பரணிலிருந்து கேன்வாஸ் இரண்டையும் இறக்கிவிட்டேன். பூசணத்தைத் துடைத்து, புதிதாக வெள்ளை பூசி, முற்றத்து வெயிலில் காயவைத்திருக்கிறேன். ஒன்று சுனிதாவுக்கு. மற்றது பெரியது. கண்காட்சி முடிந்து நீ படங்களை எடுத்துப்போக மார்ச்சில் வருவாய் அல்லவா, கடைக்கு வா. உன் அம்மாவை நீயும் வரை. ஸ்டூல் அதே ஸ்டூல்தான். நான் பின்னால் நின்று பார்ப்பேன். தப்பு இருந்தால் சொல்வேன். நன்றாக வந்தால் சொல்லமாட்டேன், கேட்காதே.

விச்சு